புளிக்காத பொடி

நாக்குக்காரரின் நாக்குக்கு ஒரு முறை விலை வந்தது: ஒரு லாரிச் சர்க்கரை.

கேட்டவர் மிட்டாய் ஆலைக்காரர். சந்தை நடுவில், நாலு வியாபாரிகள் பார்த்திருக்க, "அறுத்துக் குடுத்துடுங்க, லாரிய உங்க வாசல்ல நிறுத்திடறேன்" என்றார். நாக்குக்காரர் கோபப்படவில்லை. "லாரியும் சேத்தா, சர்க்கரை மட்டுமா?" என்று கேட்டார். சர்க்கரை மட்டும்தான் என்றதும் பேரம் முறிந்தது. அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் தெருவில் வழக்கொழிந்து போனது.

சும்மா ஒருவன் விலை கேட்க மாட்டான். முப்பத்தைந்து வருடமாக அவர் வைத்திருப்பது பவுடர் கடை. மிட்டாய், பிஸ்கட், குளிர்பானம், சோப்பு செய்கிறவர்கள் வந்து வாங்கிப் போகும் பொடிகள்: சிட்ரிக் ஆசிட், சமையல் சோடா, ஜெலட்டின், குளுக்கோஸ், வைட்டமின் சி. எல்லாமே வெள்ளை. "உலகத்துல பாதித் திருட்டு வெள்ளைப் பொடியிலதான் நடக்குது. மிச்சப் பாதி வெள்ளைத் தாள்ல நடக்குது" என்பார். மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்ததைச் சுண்டுவிரல் நுனியில் ஒற்றி, நாக்கில் வைத்து, கண்ணை மூடுவார். "நூத்துக்கு ஏழு பங்கு சுண்ணாம்பு" என்பார். துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பார். பிறகு யாராவது செலவழித்துச் சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்த்தால் ஏழுதான் இருக்கும், மிஞ்சினால் ஏழரை.

இரண்டு வியாபாரிகளுக்குள் சரக்குத் தகராறு வந்தால் இந்தக் கடைக்குத்தான் வருவார்கள். அவர் தொட்டு நக்கிச் சொன்னதே தீர்ப்பு. வியாபாரத்துக்காக அவர் சொன்ன பொய்களைக் கூட்டினால் இன்னொரு கடை வைக்கலாம். ஆனால் ருசி பார்த்துச் சொன்னதில் பொய் கிடையாது. சொந்த மைத்துனன் கொண்டுவந்த சரக்கைக்கூட நக்கிப் பார்த்து "கலப்படம்" என்று சொன்னவர். அந்த மைத்துனன் இன்றுவரை அக்காவிடம் மட்டும்தான் பேசுகிறான்.

வீட்டுக்காரி இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "ஊரே இவர் நாக்க நம்புது. கொழம்புல உப்பு போதுமான்னு கேட்டா மட்டும், 'நீயே பாத்துக்கோ'ன்னு சொல்லும் அந்த நாக்கு."

கீழே கடை, கடைக்குப் பின்னால் வீடு, மாடியில் ஒற்றை அறை. அந்த அறை மகளுடையது. அங்கே அவள் முகத்துக்குப் போடும் சீரம் செய்தாள். படித்தது வேதியியல், வேலைக்குப் போன இடத்தில் அடுத்தவன் பெயரில் களிம்பு கலக்கி அலுத்து, சொந்தப் பெயரில் கலக்க வந்தவள். மூடி போட்ட ஒரு ஸ்டீல் அண்டா, கிராம் தராசு, பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள், ஒரு சுவர் முழுக்க அலமாரி. வாசலில் செருப்பு, உள்ளே தலைக்கு உறை. பாட்டில் கழுவுவதும் லேபிள் ஒட்டுவதும் அம்மா வேலை. அவள் ஒட்டிய லேபிளில் ஒரு சுருக்கம் இருக்காது.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம்: நோட்டில் ஏறாதது அண்டாவில் ஏறக்கூடாது. நீளமான ஒரு நோட்டு. ஒவ்வொரு கலவைக்கும் ஒரு பக்கம். தண்ணீர் எவ்வளவு, பொடி எவ்வளவு, எத்தனை மணிக்கு, போட்டது யார். தண்ணீரைக்கூட எழுதுவாள். "தண்ணியையுமா எழுதுவ?" என்று நாக்குக்காரர் கேட்டபோது, "பால்காரன் எழுதாம விடறது அது ஒண்ணைத்தானேப்பா" என்றாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தன் ரத்தம்.

அவள் சரக்குக்கு ஒரு பீடை இருந்தது: நிறம் மாறும். அப்பா கடையில் விற்கும் வைட்டமின் சிதான் அவள் சீரத்தின் உயிர். முகம் தெளியும், கரும்புள்ளி மங்கும். வாங்கியவர்கள் திரும்ப வந்தார்கள். ஆனால் அந்தச் சனியன் தண்ணீரில் கரைந்த நாளிலிருந்து கெட ஆரம்பிக்கும். நறுக்கி வைத்த ஆப்பிள் மாதிரி. மூன்று வாரத்தில் இளமஞ்சள், ஆறு வாரத்தில் ஆறிப்போன டீ. போதாததற்கு அதைப் புளிப்பு ஏற்றித்தான் வைக்க வேண்டும், புளிப்பு குறைந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். மெல்லிய தோல்காரிகளுக்கு எரியும். வெயில் காலத்தில் விற்றதில் பாதி, பாட்டிலோடு திரும்பி வரும்.

இந்தச் சமயத்தில்தான் மருமகன் ஒரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

மருமகனுக்கு வேலை, வெளிநாட்டு ரசாயனம் இறக்கும் ஒரு கிடங்கில் சரக்கு அனுப்பும் கணக்கு. கல்யாணமாகி ஒன்றரை வருடம், இதே வீட்டில்தான் இருப்பு. குணமான பையன் என்று தெருவே சொன்னது. நாக்குக்காரர் மட்டும் சொல்லவில்லை. ஏனென்றால் அவன் பேரம் பேச மாட்டான். காய்கறிக்காரி சொன்ன முதல் விலையைக் கொடுத்துவிட்டு, அவளுக்கு நன்றியும் சொல்லிவிட்டு வருவான். "பேரம் பேசாதவன் ரெண்டே ரகம்" என்று வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தார். "ஒண்ணு முட்டாள், இல்ல வேற எங்கயோ கமிஷன் வாங்கறவன். இவன் கணக்குல புலி. அப்ப முட்டாள் இல்ல."

"மூணாவது ரகமும் இருக்குங்க."

"என்ன?"

"காய்கறிக்காரி பாவம்னு நெனைக்கறவன்."

"அப்படி ஒரு ரகம் சந்தையில ஓடல."

டிரம்மில் ஒட்டியிருந்த லேபிளுக்கு மேல் இன்னொரு லேபிள் ஒட்டியிருந்தது. நாக்குக்காரர் முதலில் பார்த்தது அதைத்தான்.

"இது என்ன மாப்பிள்ளை, சட்டைக்கு மேல சட்டை?"

"இறக்குமதி பண்றவங்க அவங்க லேபிள ஒட்டுவாங்க மாமா. கீழ இருக்கறது செஞ்ச கம்பெனியோடது."

"சரி. இதுக்குப் பேரு?"

"சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட்."

"பேரே ஒரு முழம் இருக்கு. என்ன பண்ணும்?"

"வைட்டமின் சியேதான் மாமா. ஆனா கெடாது."

நாக்குக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடத்தில் 'கெடாது' என்று சொல்லி அவரிடம் விற்கப்பட்ட எல்லாமும் கெட்டுப்போயிருக்கிறது. சில, சொல்லி முடிப்பதற்குள்.

மகள்தான் விளக்கினாள். "சாதா வைட்டமின் சி காத்து பட்டா ஓடிப் போய் ஒட்டிக்கும்பா. அதான் கெடுது. இதுல அந்த ஒட்டிக்கிற எடத்துல ஒரு பூட்டு போட்டிருக்காங்க. பாட்டில்ல இருக்கற வரைக்கும் பூட்டு. தோலுக்குள்ள போனா, அங்க இருக்கற ஒரு நொதி அதைத் தெறந்து விட்டுடும். மெதுவாத்தான் வேலை செய்யும், ஆனா எரியாது, நிறம் மாறாது."

"பூட்டு."

"ஆமா."

"சாவி தோலுக்குள்ள."

"ஆமாம்பா."

"பூட்டின பெட்டிய வித்துட்டு, சாவி உங்க வீட்லயே இருக்கும், தேடிப் பாருங்கன்னு சொன்னவனை நானே பாத்திருக்கேன்மா. பெட்டிக்குள்ள செங்கல் இருந்துச்சு."

மருமகன் சிரித்தான். நாக்குக்காரர் சிரிக்கவில்லை. "விலை?"

சாதா வைட்டமின் சியைப் போல நாலு மடங்கு சொன்னான்.

"எவ்வளவு கொறச்சாங்க?"

"கேக்கல மாமா. அவங்க சொன்னது நியாயமாத்தான் இருந்துச்சு."

வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள். இதற்கு மேல் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தது சுண்டுவிரல். டிரம் மூடியைத் திறந்து, நுனியில் ஒற்றி, நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். வைட்டமின் சி என்றால் புளிக்க வேண்டும். பல் கூசி, தாடை இழுத்து, கண்ணில் நீர் முட்ட வேண்டும். இது ஒன்றும் செய்யவில்லை. மந்தமான ஒரு உப்புக் கரிப்பு, அதற்குப் பின்னால் சோப்பு கழுவின கையின் ருசி. அவ்வளவுதான்.

"புளிக்கல" என்றார்.

"புளிக்காது மாமா. அதோட புளிப்பைத்தான் பூட்டி வச்சிருக்காங்க. சான்றிதழ் இருக்கு, பாக்கறீங்களா?" தாளை நீட்டினான்.

தாளை வாங்கி, மடித்து, விசிறிக்கொண்டார்.

அடுத்த நாளே அவர் மருமகனின் கிடங்கு வாசலுக்குப் போனார். காவல்காரருக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, சுற்றி வளைத்து விசாரித்தார். "அவரா? நல்ல மனுஷன்ங்க" என்றார் காவல்காரர். "வர்ற லாரிக்காரங்ககிட்ட ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார்."

நாக்குக்காரர் திரும்பி நடந்தார். டீ கூடக் குடிக்க மாட்டான். அப்படியென்றால் சின்னத் தொகைக்கு மசியாதவன். வாங்குவது பெரிய தொகையாக இருக்கும்.

முப்பத்தொன்றாவது கலவை போட்ட ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. மகள் காலையிலேயே அண்டாவில் நீர் ஊற்றி, புதுப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைத்தாள். பி.எச் தாள் ஒன்றைக் கிழித்து நனைத்துப் பார்த்தாள். பச்சை. "புளிப்புமில்ல, காரமுமில்ல. நடுவுல நிக்குது" என்று கீழே இருந்த அம்மாவுக்குக் கத்திச் சொன்னாள். நுரை அடங்க மறுநாள் காலைவரை மூடி வைக்க வேண்டும். நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தாள்.

நாக்குக்காரர் அன்று சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிட்டார். மற்ற மூவரும் தட்டில் கை வைத்திருந்தார்கள். பின்னால் வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. முன்னால் கடை அலமாரியில், வீட்டுக்காரி லேபிள் ஒட்டி முடித்த இருநூற்று நாற்பது வெற்றுப் பாட்டில்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் 'வைட்டமின் சி' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே மகளின் பெயர்.

உள்ளே போகப்போவது உப்புச் சப்பில்லாத எதுவோ. யாரோ ஒருத்தன் நாலு மடங்கு விலைக்குத் தலையில் கட்டியிருக்கிறான். கட்டியவனுக்கு மாப்பிள்ளை உடந்தையோ, ஏமாளியோ, எதுவானாலும் பெயர் அவளுடையது. நாளைக்கு எவளாவது இதைச் சோதித்துப் பார்த்து, 'இதில் வைட்டமினே இல்லை' என்றால், நாக்குக்காரர் மகள் கலப்படக்காரி என்று சந்தை சிரிக்கும். சொன்னால் கேட்பாளா? தாலி கட்டியவன் பக்கம்தான் பேசுவாள். பேசட்டும், அதுதான் முறை. ஆனால் அப்பன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

கடையில் இருப்பதிலேயே உசந்த வைட்டமின் சி மூட்டையை அவிழ்த்தார். பெரிய காகிதப் பொட்டலம் ஒன்று கட்டினார். மாடி ஏறி, செருப்பை அறை வாசலில் விட்டார். தலைக்கு உறையும் போட்டார். அண்டா மூடியைத் தூக்கி மூன்று கைப்பிடி. தராசு பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. கழுவி வைத்திருந்த கரண்டியால் கலக்கினார். ஒரு சொட்டு நாக்கில் விட்டார்.

புளித்தது. உடம்பெல்லாம் நிம்மதி இறங்கியது. மூடியை மூடினார். நோட்டு திறந்தபடியே கிடந்தது, பேனாவும் பக்கத்தில். அதைத் தாண்டி வந்தார்.

"எங்கங்க போனீங்க?" என்று கேட்டாள் வீட்டுக்காரி, தட்டைக் கழுவியபடி.

"மாடியில காத்து வருதான்னு பாத்தேன்."

"இந்த வெயில்ல காத்தா?"

"வரல."

மறுநாள் பாட்டிலில் அடைத்தார்கள். பளிங்கு மாதிரி இருந்தது. அதில் நூற்றிருபது பாட்டிலை பார்லர்க்காரம்மா ஒரே தடவையாக எடுத்துக்கொண்டாள். மூன்று தெருவில் மூன்று அழகு நிலையம் வைத்திருப்பவள், பேச்சில் நாக்குக்காரருக்கே சவால். மிச்சம் கடைகளுக்கும் தெரிந்தவர்களுக்கும் போனது. 'நிறம் மாறாது' என்று மகள் தன் வாயாலேயே எல்லோரிடமும் சொல்லிக் கொடுத்தாள். முதன்முதலாக அப்படிச் சொல்லி விற்றாள்.

ஒன்பதாம் நாள் பார்லர்க்காரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். இரண்டு அட்டைப் பெட்டி. ஒரு பாட்டிலை எடுத்துக் கடை மேசையில் வைத்தாள். துளிகுழாயில் இழுத்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டாள்.

"இது என்ன கலர் சொல்லுங்க பாப்போம்?"

துணியை மகள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நான் சொல்றேன். எங்க கடைப் பொண்ணு மத்தியானம் போடற டீ கலர். அவ டீயாவது குடிக்கலாம். ஏம்மா, பழசு ஆறு வாரம் தாங்கும். புதுசு, கெடாதுன்னு சொன்னியே, ஒம்போது நாள்! எங்கிட்ட வர்ற ஒருத்தி தலகாணி உறை பூரா மஞ்சக் கறை. அவ புருஷன் கேட்டானாம், ராத்திரி தூக்கத்துல பீடி குடிக்கறியான்னு."

மகள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. நாக்குக்காரருக்கு வருத்தம்தான், ஆனால் வருத்தத்துக்கு அடியில், சொல்லக்கூடாத ஒரு சந்தோஷம் கிடந்து நெளிந்தது. நான் அப்பவே சொன்னேனே! நல்ல சரக்கை நடுவில் சேர்த்தும் இந்தக் கதி என்றால், அந்தப் பொடி எத்தனை மட்டமாக இருக்க வேண்டும்!

மருமகன் வேலை முடிந்து வந்ததும் மாடி அறையில் விசாரணை நடந்தது. மகள் ஒரு பி.எச் தாளைப் பழுப்பேறிய சீரத்தில் நனைத்தாள். பச்சையில் நிற்க வேண்டிய தாள் ஆரஞ்சு காட்டியது.

"புளிச்சிருக்கு" என்றாள். நோட்டைப் புரட்டினாள். "நான் பாத்தப்ப பச்சை. எழுதியிருக்கேன்."

"மூடும்போது பச்சை, அடைச்சப்புறம் ஆரஞ்சு" என்றான் மருமகன் மெதுவாக. "அப்ப நடுவுல புளிப்பு உள்ள போயிருக்கு."

"நடுவுல எதுக்குப் போகணும்?" என்றார் நாக்குக்காரர். "மாவு தன்னால புளிக்கல? உங்க பொடியும் அப்படித்தான் ஒரு ராத்திரியில புளிச்சிருக்கும்."

"அது புளிக்காது மாமா."

"கெடாதுன்னீங்க, கெட்டுது. இப்ப புளிக்காதுங்கறீங்க."

"டிரம்ல கலப்படம் இருக்குமோ?" என்று மகள் யாரையும் பார்க்காமல் கேட்டாள். அவளுக்குக் கேட்க விருப்பமில்லை. கேள்வி தானாக வந்துவிட்டது.

"அப்படிக் கேளு" என்றார் நாக்குக்காரர். "சந்தையில தக்காளிக் கூடைய பாத்ததில்ல? மேல நாலு நல்லது, அடியில பூரா அழுகல். விலை கூடின பொடிய மேல வச்சு, அடியில சாதா சரக்கைத் தட்டி விட்டுருப்பான் எவனோ. யாருன்னு நான் சொல்லல."

மருமகன் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றரை வருடத்தில் அவன் அப்படிப் பார்த்ததில்லை. "மாமா, அன்னிக்கு நாங்க சாப்பிட்டுட்டு இருந்தப்ப நீங்க மேல வந்தீங்களா?"



"இந்த வீட்ல நான் எந்த ரூமுக்குப் போகணும்னாலும் மாப்பிள்ளைகிட்ட சீட்டு வாங்கிட்டுத்தான் போகணுமா?" நாக்குக்காரர் எழுந்துவிட்டார். "கட்டினது நான். செங்கல் எண்ணி எறக்கினது நான். என்னையே கேக்கறானே, கேட்டியாம்மா?"

"அப்பாவ எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் மகள் கணவனிடம். "அவர் ஏன் கலக்கணும்? அவருக்கு என்ன லாபம்?"

"எனக்கு மட்டும் என்ன லாபம்?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாத அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டு அவன் கீழே இறங்கினான். ஒரு பையில் நாலு சட்டை. "அக்கா வீட்ல இருக்கேன். சந்தேகம் தீர்ந்தா சொல்லு" என்றான். அத்தையிடம் மட்டும் "வரேன் அத்தை" என்று சொல்லிக்கொண்டு போனான்.

வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள். திரும்பி வந்தவள், "ஆமா, இல்லன்னு ரெண்டு வார்த்தை இருக்குங்க. அவன் கேட்டதுக்கு நீங்க ரெண்டையும் சொல்லல" என்றாள்.

"எனக்கு நெஞ்சு வலிக்குது."

"வலிக்கட்டும்."

மகள் அழுதுகொண்டு உட்காரவில்லை. இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்து ஜன்னலில் வைத்தாள். ஒன்றில் டிரம்மின் மேல்பொடியைக் கரைத்த தண்ணீர், இன்னொன்றில் அப்பா கடை வைட்டமின் சி. ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி, தேதி எழுதினாள். பிறகு கடை கடையாக ஏறி இறங்கிப் பாட்டில்களைத் திரும்ப வாங்கப் போனாள். நாள்தோறும் முகம் கறுத்துத் திரும்பினாள். ஒரு கடைக்காரர், "உங்கப்பா நாக்கு இருக்கும்போது இப்படியா?" என்றாராம்.

நாக்குக்காரர் தினமும் ஏதாவது சாக்கில் மாடி ஏறி ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தார். ஐந்தாம் நாள் கடைச் சரக்குத் தம்ளர் லேசாக மஞ்சள் தட்டியது. எட்டாம் நாள் மஞ்சள் தெளிவாகத் தெரிந்தது. மருமகன் பொடி போட்ட தம்ளர் அசையவில்லை. சுத்தமான கிணற்றுத் தண்ணீர் மாதிரி, வெயிலில் நின்றுகொண்டு அவரையே பார்த்தது.

ஒரு நினைப்பு வந்தது. அதை விரட்டினார். அது ஈ மாதிரி திரும்பி வந்தது. கடைசியில் மகள் வெளியே போன நேரம், டிரம்மிலிருந்து ஒரு கரண்டியும் தன் மூட்டையிலிருந்து அரைக் கரண்டியும் எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து, கடையில் கிளிசரின் டின்களுக்குப் பின்னால், கண்ணாடிச் சன்னல் ஓரமாக ஒளித்து வைத்தார்.

நாலே நாள். ஐந்தாம் நாள் காலை டின்னை நகர்த்தியபோது உள்ளே ஆறிப்போன டீ இருந்தது.

அவர் வெகுநேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மிட்டாய்க்காரர் ஒருவர் வந்து குளுக்கோஸ் விலை கேட்டார். கேட்ட விலைக்கு எடைபோட்டுக் கொடுத்தார். மிட்டாய்க்காரர் வெளியே போய், ஏதோ ஏமாந்துவிட்டோம் என்று நினைத்து, திரும்பி வந்து எடையைச் சரிபார்த்தார்.

அன்று மத்தியானம் மகள் கூப்பிட்டாள். மாடி அறைத் தரையில் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தாள். டிரம் சாய்ந்து கிடந்தது. மேல் சரக்கை ஒரு பக்கம் எடுத்துவிட்டு, அடிச் சரக்கை மட்டும் விரிப்பில் கொட்டியிருந்தாள். வெள்ளைக் குவியல். பார்லர்க்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரி கதவோரம் நின்றாள்.

"பி.எச் தாள் தீந்துபோச்சு. வாங்கணும்" என்றாள் மகள். "ஆனா அதைவிட நல்லது வீட்லயே இருக்கு. இந்த அக்காவும் தாளை நம்ப மாட்டேன்னுட்டாங்க, உங்களைத்தான் நம்புவாங்களாம். அடியில கலந்திருந்தா புளிக்கும்பா. பாத்துச் சொல்லுங்க."

"நீங்க புளிக்குதுன்னு சொன்னா போதும்" என்றாள் பார்லர்க்காரம்மா. "மோசம் பண்ணது கிடங்குக்காரன்னு ஆயிரும். உங்க பொண்ணு மேல எனக்கு வருத்தமில்ல. பழைய சரக்கையே திரும்ப எடுத்துக்கறேன். தீந்துது."

தீர்ந்தது. எத்தனை சுலபம். ஒரே ஒரு வார்த்தை. மகளின் வியாபாரம் நிற்கும், அவர் சொன்ன தக்காளிக் கூடைக் கதை நிற்கும், மரியாதை நிற்கும். போகிறவன் ஏற்கெனவே போய்விட்டான். அவனுக்குப் பேரம் பேசவும் தெரியாது.

நாக்குக்காரர் குனிந்தார். சுண்டுவிரலைக் குவியலின் அடியில் விட்டு, ஒற்றி, நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

மந்தமான உப்பு. சோப்பு கழுவின கை. முதல் நாள் ருசித்த அதே ருசி, ஒரு மயிரிழை கூட மாறாமல். இத்தனை சுத்தமான சரக்கு அவர் நாக்கில் பட்டு வருடங்களாகியிருந்தன.

கண்ணைத் திறக்காமலே, "புளிக்கல" என்றார்.

"அடியிலயுமா?"

"அடியிலயும் இல்ல, நடுவுலயும் இல்ல. அவன் கொண்டு வந்ததுல ஒரு கடுகளவு கலப்படம் இல்ல."

"அப்ப பாட்டில்ல எப்படிப்பா புளிச்சுது?"

நாக்கிலிருந்ததை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எழுந்துபோய்த் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"மூணு கைப்பிடி" என்றார். "நம்ம கடை சரக்கு. நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க. புளிக்கலையே, வைட்டமின் இல்லாம உம்பேர் கெட்டுடுமேன்னு... உசந்த சரக்குதாம்மா போட்டேன்."

முதலில் பேசியது வீட்டுக்காரிதான். "அதானா விஷயம். காலையில டின்னுக்குப் பின்னால ஒரு கிளாஸ் டீ ஆறிக் கெடக்கேன்னு ஒரு வாய் குடிச்சேன். குடல் வரைக்கும் கரிச்சுப் புளிச்சுது. கடைக்காரர் எனக்கு வெஷம் வச்சிட்டார்னுல்ல நெனச்சேன்!"

பார்லர்க்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "நுணலும் தன் வாயால கெடும்பாங்க. இந்த நுணல் தன் வாயாலயே ஒத்துக்குது. ஏம்மா, அந்த ஜன்னல் தம்ளர் எத்தனை நாளா அப்படியே இருக்கு?"

"பதிமூணு நாள்" என்றாள் மகள்.

"புதுசா ஒரு கலவை போடு. நூத்திருபது எனக்கு. உங்கப்பா சாப்பிடும்போது கூடவே உக்காந்து சாப்பிடு."

அவள் இறங்கிப் போனாள். மகள் திட்டுவாள் என்று நாக்குக்காரர் காத்திருந்தார். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம். அவள் நீள நோட்டை எடுத்தாள். முப்பத்தொன்றாவது கலவைப் பக்கத்தைத் திறந்து, பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

எழுதினார். 'வைட்டமின் சி, கடைச் சரக்கு, மூன்று கைப்பிடி. எடை பார்க்கவில்லை.' போட்டது யார் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. தன் பெயரை எழுதினார். எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, கோணலாக வந்தது.

மகள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக் கணக்கைக் கட்ட ஆரம்பித்தாள்.

"திரும்பாததை எல்லாம் நானே போய் வாங்கிட்டு வந்துடறேம்மா" என்றார் நாக்குக்காரர். "ஒவ்வொரு கடையிலயும் என் தப்புன்னு சொல்லியே வாங்கறேன். அப்புறம் மாப்பிள்ளைக்கு நீ ஒரு போன் போட்டு..."

"இல்ல."

"சரி, நான் போன்ல பேசறேன்."

"நேர்ல. அவங்க அக்கா, மாமா எல்லாம் இருக்கும்போது. கலந்தது நான்தான்னு நீங்க சொல்லணும்."

நாக்குக்காரர் வாயைத் திறந்தார். அக்கா முன்னால் வேண்டாம் என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்று தள்ளலாம். அம்மாவைக் கூட அனுப்பு என்று பாதியாகக் குறைக்கலாம். எந்த விலையையும் மூன்று படி இறக்கத் தெரிந்தவர் அவர். மகள் முகத்தைப் பார்த்தார். கதவோரம் நின்ற வீட்டுக்காரியையும் பார்த்தார்.

"சரி" என்றார். முதலில் சொன்ன விலைக்கே.

கீழே இறங்கிச் செருப்பைத் தேடினார். மாடியில் மகளின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. செய்தது: பாட்டில் இருநூற்று நாற்பது. பார்லரிலிருந்து திரும்பியது: நூற்றுப் பதினெட்டு. கடைகளிலிருந்து திரும்பியது: எழுபத்து நாலு. அலமாரியில் இருப்பது: ஏழு. வர வேண்டியது: பாட்டில் நாற்பத்தொன்று, ஆள் ஒன்று.